முதலில் பெட்டி, அப்புறம்தான் பல்லி

பாப்பா பிறந்தநாளுக்குப் பல்லி கேட்கிறாள் என்று சொன்னாய். லண்டனில் நாய் வளர்க்க வீட்டுக்காரர் விடமாட்டார், பூனை வந்தால் மாப்பிள்ளைக்குத் தும்மல் நிற்காது, அதனால் கடைசியில் பல்லியில் வந்து நின்றிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து போனைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "நம்ம வீட்டுச் சுவத்துல ஓடுறதை அங்க காசு குடுத்து வாங்கணுமா?" என்றார்கள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொன்னாலே பாதி டிப்ஸ் முடிந்துவிடும்.

சிங்கம்புணரியில் நம் வீட்டுப் பல்லியைப் பார்த்திருக்கிறாய்தானே. விளக்கு வைத்ததும் டியூப்லைட் ஓரத்துக்கு வரும். சித்திரை வெயிலில் தாத்தா படத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். மார்கழிக் குளிரில் அடுப்படிச் சுவரை விட்டு நகராது. நம்மைப் போல உடம்புக்குள்ளேயே சூட்டை உண்டாக்கிக்கொள்ளப் பல்லிக்கு வழி இல்லை. சூடு வேண்டுமென்றால் சூடான இடத்துக்குப் போகும், போதுமென்றால் நிழலுக்கு நகரும். தின்றது செரிப்பதும், நோயைத் தாங்குவதும் அப்படி இடம் மாறுவதைப் பொறுத்துத்தான். சுவர்ப் பல்லிக்கு வீடு முழுக்க இடம் கிடக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் பல்லிக்கு நீ அமைத்துக் கொடுத்தது மட்டும்தான் உலகம். அதனால் உன் காசிலும் கவனிப்பிலும் பெரும்பங்கு பெட்டிக்குத்தான் போகும், போகவும் வேண்டும்.

லெஸ்டரில் இருந்தபோது நான் ஒன்றை வளர்த்தேன். ஊருக்குத் திரும்பும்போது அங்கேயே நம்பிக்கையான ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். அதை வைத்துத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். கடைக்காரரிடம் போவதற்கு முன்னால் ஒரு தடவை முழுசாகப் படித்துவிடு.

எந்தப் பல்லி?

முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு லெப்பர்ட் கெக்கோதான் என் சிபாரிசு. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, தடித்த வால். நம் சுவர்ப் பல்லிக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு: கண்ணிமை. கண்ணை மூடித் தூங்குவதைப் பாப்பா நன்றாகப் பார்க்கலாம். காலில் ஒட்டும் தன்மை கிடையாது, அதனால் கண்ணாடியில் ஏறாது, கூரைக்குத் தாவாது. தரையில் நிதானமாக நடக்கும். பெட்டி திறந்திருந்த ஒரு நிமிடத்தில் ஓடிப்போய் பீரோவுக்கு அடியில் மறையும் வேகம் அதற்குக் குறைவு.

இது ஏதோ வெள்ளைக்காரர் நாட்டுப் பிராணி என்று நினைக்காதே. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், நம் நாட்டின் வடமேற்கு மூலை, இதுதான் அதன் சொந்த ஊர். கல்கத்தாவில் ஏசியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளைத் என்பவர்தான் 1854-ல் முதன்முதலாக இதை விவரித்து எழுதினார். பாறையும் வறண்ட மண்ணுமான நிலம், பகலில் கல் இடுக்கில் படுக்கை, அந்தி சாய்ந்ததும் வேட்டை. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் பெட்டிக்குள் என்ன வைக்க வேண்டும் என்பதில் பெரும்பாலும் தப்பு வராது.

கடையில் கிரெஸ்டட் கெக்கோவையும் காட்டுவார்கள். நியூ கலடோனியா தீவுப் பல்லி. அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தபோது 1994-ல் மறுபடி கண்டுபிடித்தார்கள். அழகாக இருக்கும். ஆனால் அது மரம் ஏறி, தாவும். வால் போனால் மறுபடி முளைக்காது. 28 டிகிரிக்கு மேல் சூடு போனாலே அதற்குக் கஷ்டம். லண்டனில் கோடையில் மாடி ஃபிளாட் எப்படி வேகும் என்று உனக்கே தெரியும். டோக்கே என்ற பெரிய பல்லியைப் பாப்பா யூடியூபில் பார்த்துவிட்டுக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடு. கடித்தால் விடாது.

ஒன்றுதான் வாங்க வேண்டும். "துணைக்கு இன்னொன்று" என்ற பேச்சே கூடாது. இது தனியாக வாழும் ஜாதி. இரண்டு ஆண் பல்லி ஒரே பெட்டியில் இருந்தால் ரத்தம் வரும்வரை சண்டை போடும். பெண் பல்லிகளிலும் ஒன்று சாப்பாட்டையும் சூடான மூலையையும் பிடித்துக்கொள்ளும், மற்றது சத்தமில்லாமல் மெலியும்.

இன்னொன்றையும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. நன்றாக வளர்த்தால் இது 15 முதல் 20 வருடம் இருக்கும். பாப்பா காலேஜ் போகும்போதும் இது இருக்கும், அப்போது பார்த்துக்கொள்ளப் போவது நீதான். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. இங்கிலாந்தின் 2006-ஆம் வருட விலங்கு நலச் சட்டப்படி 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பிராணி விற்கக் கூடாது, அவர்கள் வளர்க்கும் பிராணிக்குப் பொறுப்பு பெற்றவர்களுடையது. "அது பாப்பாவோடது" என்று நாம் கைகழுவ முடியாது.

வாங்கும்போது

இங்கிலாந்தில் 2018 விதிகளின்படி பிராணி விற்கும் தொழிலுக்குக் கவுன்சில் உரிமம் வேண்டும். எண்ணைக் கேட்டுப் பார், கூச்சப்படாதே. ஆனால் என் யோசனை வேறு. குட்டி வாங்காமல், ஒரு வயது தாண்டிய பெரிய பல்லியை ஆர்எஸ்பிசிஏ மாதிரியான காப்பகத்திலிருந்து எடு. ஆசையாக வாங்கிவிட்டு வளர்க்க முடியாமல் விட்டவர்களின் பல்லிகள் அங்கே வீட்டுக்காகக் காத்திருக்கும். பெரியது வாடகை வீட்டின் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களைத் தாங்கும். குட்டி தாங்காது.

எங்கே வாங்கினாலும் வாலைப் பார். இந்தப் பல்லி கொழுப்பை வாலில்தான் சேர்த்து வைக்கும். கழுத்து அளவுக்காவது வால் தடித்திருக்க வேண்டும், குச்சி மாதிரி இருந்தால் உடம்பில் ஏதோ இருக்கிறது. கண் இரண்டும் முழுசாகத் திறந்து தெளிவாக இருக்கிறதா, விரல்களின் நுனியில் பழைய தோல் வளையம் மாதிரி இறுகிக் கிடக்கிறதா, பின்புறத் துவாரம் சுத்தமாக இருக்கிறதா, நடக்கும்போது வயிறு தரையில் படாமல் தூக்கி நடக்கிறதா என்று பார். முடிந்தால் கண்ணெதிரே ஒரு பூச்சி போடச் சொல். குறி வைத்து, வால் நுனியை ஆட்டி, ஒரே கொத்தில் பிடித்தால் நல்ல பல்லி.

நிறத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதே. 'லெமன் ஃப்ராஸ்ட்' என்று எலுமிச்சை மஞ்சளில் ஒரு வகை விற்றார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும். அந்த நிறத்தைத் தரும் மரபணுவே தோலில் கட்டியையும் கொண்டுவருகிறது என்று 2021-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த வகைப் பல்லிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டி வருகிறது. 'எனிக்மா' என்ற வகை தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றும், நரம்புக் கோளாறு. பார்க்க அழகு என்பதற்காக நோயோடு பிறக்க வைத்த உயிருக்கு நம் காசு போக வேண்டாம். காட்டில் இருப்பது போன்ற சாதாரணப் புள்ளிப் பல்லிதான் திடமானது.

பெட்டி

பல்லி வருவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே பெட்டி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வெறும் பெட்டியில் விளக்கைப் போட்டு, சூட்டை அளந்து, திருத்தி, மறுபடி அளந்து, ராத்திரியும் பகலும் ஒரே சீராக நின்றபிறகு பல்லி வரட்டும். பாப்பா பொறுமை இழப்பாள். அவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, காலை, மாலை இரண்டு வேளையும் சூட்டை எழுதச் சொல். வேலையும் பழகும், காத்திருப்பும் ஓடும்.

அளவு: நீளம் 90 சென்டிமீட்டர், அகலம் 45, உயரம் 45. இதற்குக் குறைந்து வாங்காதே. சின்னப் பெட்டி வாங்கினால் காசு மிச்சமாகத் தெரியும், ஆனால் அதில் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி என்று பிரிக்கவே முடியாது, எல்லா மூலையும் ஒரே சூடாகிவிடும். நீளம் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அதற்காகத்தான். முன்பக்கம் திறக்கும் பெட்டியாகப் பார். மேலிருந்து கை இறங்கினால் பருந்து வருகிறது என்று பல்லி மிரளும்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதில்தான் முதல் தடவைக்காரர்கள் சறுக்குகிறார்கள். பெட்டியின் ஒரு கோடியில் மேலே ஹாலஜன் பல்பு, அதற்குக் கீழே ஒரு தட்டையான கல். கல்லின் மேற்பரப்பு 31 முதல் 33 டிகிரி இருக்க வேண்டும். எதிர்க் கோடி 24, 25 டிகிரி. ராத்திரி விளக்கை அணைத்துவிடு. 20 டிகிரி வரை இறங்கினால் நல்லதுதான், அதன் சொந்த ஊரிலும் ராத்திரி குளிரும். ஜனவரியில் உன் வீட்டில் ஹீட்டிங் நின்று 18-க்குக் கீழே போனால் மட்டும் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் ஒன்று போடு. சிவப்பு பல்பு வேண்டவே வேண்டாம். பல்லிக்கு அந்த வெளிச்சம் தெரியாது என்று கடையில் சொல்வார்கள். தெரியும். ராத்திரி முழுக்கத் தூக்கம் கெடும்.

பல்போ, அடியில் ஒட்டும் ஹீட் மேட்டோ, எதுவானாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் பிளக்கில் சொருகாதே. மேட்டின் சூடு கட்டுப்பாடில்லாமல் ஏறினால் பல்லியின் வயிறு வெந்துவிடும். வயிற்றில் சுடுவது அதற்குச் சட்டென்று உறைக்காது, அதே இடத்தில் படுத்தே கிடக்கும். பெட்டியோடு வரும் முள் வைத்த வட்ட மீட்டரை நம்பாதே. ஒயரில் சென்சார் தொங்கும் டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்கி, சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று வை. கல்லின் சூட்டைப் பார்க்கத் துப்பாக்கி மாதிரி நீட்டும் இன்ஃப்ராரெட் மீட்டர் நல்லது.

யுவிபி என்ற புறஊதாக் கதிர் தரும் டியூப்பும் போடு. அந்திப் பல்லிக்கு எதற்கு வெயில் என்று சிலர் கேட்பார்கள். இடுக்கில் படுத்திருக்கும்போதும் அதன் உடம்பில் கொஞ்சம் வெயில் படத்தான் செய்கிறது, அதில்தான் எலும்புக்கு வேண்டிய டி விட்டமின் ஊறுகிறது. 5 முதல் 7 சதவீதம் என்று போட்டிருக்கும் மெல்லிய டியூப் போதும். டியூப் பார்ப்பதற்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் வருடம் திரும்புவதற்குள் அதிலிருந்து வரும் யுவிபி குறைந்துபோகும். வாங்கிய தேதியை டியூப்பிலேயே மார்க்கரால் எழுதிவை. ஜன்னலோரம் வைத்தால் வெயில் கிடைக்குமே என்று நினைக்காதே. ஜன்னல் கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே விட்டுப் பெட்டியை அடுப்பாக்கிவிடும்.

இனி மறைவிடம். மூன்று வேண்டும்: சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று, நடுவில் ஈரமாக ஒன்று. சூட்டுப் பக்கம் மட்டும் குகை வைத்தால், சூடு அதிகமான பிறகும் பயத்தில் அங்கேயே கிடக்கும். ஒளிந்துகொண்டே சூட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்குத்தான் இரண்டு பக்கமும் மறைவு. உள்ளே நுழைந்தால் உடம்பு சுவரை உரசும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால்தான் அதற்கு நிம்மதி.

அந்த ஈர மறைவிடத்துக்கு வருவோம், இது நம் ஊர் சமாச்சாரம். கயிறு மில்களுக்குப் பக்கத்தில் செம்பழுப்பாக மலை மாதிரி குவித்து வைத்திருப்பார்களே, தேங்காய் மட்டையில் நாரை உரித்த பிறகு மிஞ்சும் நார்க்கழிவு, சின்ன வயதில் நாம் ஏறிச் சறுக்கினோமே, அதேதான். அங்கே அதைச் செங்கல் மாதிரி அழுத்தி, பாலித்தீன் சுற்றி, பல்லி படம் போட்டு விற்கிறார்கள். ஒரு கட்டியை வாளியில் போட்டு வெந்நீர் ஊற்றினால் பல மடங்கு பொங்கி உதிரும். முதல் தண்ணீர் கறுத்த டீ நிறத்தில் இறங்கும், அதைக் கொட்டிவிடு. மட்டையில் இயல்பாகவே உப்பு இருக்கும், உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையானால் இன்னும் கூடுதல். அதனால் தண்ணீர் நிறம் வெளுக்கும்வரை இரண்டு மூன்று தடவை அலசிப் பிழி. மூடி போட்ட ஐஸ்கிரீம் டப்பாவின் பக்கவாட்டில் பல்லியின் தோள் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி, விளிம்பைச் சூடு காட்டி மழுக்கிவிட்டு, பிழிந்த நார்க்கழிவை உள்ளே மூன்று விரல் உயரம் அடை. கையில் எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. காய்ந்தால் தெளித்துவிடு, பூஞ்சை வாடை வந்தால் மொத்தத்தையும் மாற்று.

நம் ஊர்ப் பொருள் என்ற பாசத்தில் பெட்டி முழுக்க அதையே கொட்டிவிடாதே. காய்ந்ததும் தூள் பறக்கும், பல்லியின் கண்ணிலும் மூக்கிலும் ஏறும். பெட்டித் தரைக்கு முதல் இரண்டு மூன்று மாதம் சமையலறை டிஷ்யூ பேப்பர் போதும். கழிவு எப்படிப் போகிறது, என்ன நிறம், எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று அதில்தான் தெளிவாகத் தெரியும். எல்லாம் சீரான பிறகு உரம் கலக்காத தோட்ட மண்ணில் கொஞ்சம் மணல் சேர்த்து, நனைத்து, கெட்டித்துக் காயவிட்டுப் போடலாம். தனி மணலும், 'கால்சியம் மணல்' என்று கலர் கலராக வருவதும் வேண்டாம். பூச்சியைக் கொத்தும்போது வாய்க்குள் போய், குடலில் அடைக்கும்.

சாப்பாடு

மனதைத் தயார்படுத்திக்கொள் ஆத்தா, இது சைவம் சாப்பிடாது. காயும் பழமும் வேண்டாம், உயிருள்ள பூச்சிதான். சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, டூபியா என்ற கரப்பான், இவை மூன்றும் மாற்றி மாற்றி. மாவுப்புழு எப்போதாவது. மெழுகுப்புழு பண்டிகைப் பலகாரம் மாதிரி, மாதத்தில் ஒன்றிரண்டு. பூச்சி எவ்வளவு பெரிசு என்றால், பல்லியின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கு மேல் போகக் கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை, அந்தி நேரத்தில்.

பூச்சி வாங்கிய அன்றே போடாதே. கடை டப்பாவில் அது பட்டினி கிடந்திருக்கும், சக்கைதான். ஒரு நாள் முழுக்க அதற்குக் கேரட், கீரை, தவிடு கொடு. அது தின்ற சத்துதான் பல்லிக்குப் போகிறது. போடும் முன் ஒரு கவரில் பூச்சியையும் ஒரு சிட்டிகை கால்சியம் பவுடரையும் போட்டுக் குலுக்கு, திருநீறு பூசின மாதிரி மெல்லிசாக ஒட்டினால் போதும். டி3 விட்டமின் கலந்த பவுடரைத் தினமும் போடக் கூடாது, பாக்கெட்டில் சொன்ன அளவோடு நிறுத்து. கால்சியமும் யுவிபியும் இரண்டுமே இல்லாமல் வளரும் பல்லிக்கு எலும்பு ரப்பராகும். தாடை மெத்தென்று வளையும், கால் கோணும், நடுங்கும். பூச்சி தின்னும் பல்லிகளில் நான் அதிகம் கேள்விப்பட்ட கொடுமை இதுதான். விலை குறைந்த ஒரு டப்பா பவுடரில் தடுக்கக்கூடியது.

தின்னாத சுவர்க்கோழியை ராத்திரி உள்ளே விட்டு வைக்காதே. தூங்கும் பல்லியை அது கடிக்கும். தோட்டத்தில் பிடித்த பூச்சியும் வேண்டாம், யார் வீட்டில் என்ன மருந்து அடித்தார்களோ தெரியாது. கோடை விடுமுறைக்கு இங்கே வரும்போது பாப்பா மின்மினி பிடித்து டப்பாவில் போட்டு விளையாடுவாளே, அங்கே எங்காவது கண்டால் பல்லிக்குக் கொடுக்கலாமே என்று அவளுக்குத் தோன்றலாம். கண்டிப்பாகக் கூடாது என்று இப்போதே சொல்லிவை. மின்மினியின் உடம்பில் உள்ள விஷத்தில் ஒன்றே ஒன்று தின்று செத்த வளர்ப்புப் பல்லிகள் உண்டு.

தண்ணீர் ஆழமில்லாத கிண்ணத்தில், தினமும் புதிதாக.

தோல் உரியும் நாள்

ஒரு நாள் காலையில் பல்லி வெளுத்துப் போய், சுண்ணாம்பு பூசின மாதிரி நிற்கும். பாப்பா பயந்து உன்னை எழுப்புவாள். பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே புதுத்தோல் வந்துவிட்டது, பழையது பிரிகிறது. அந்த ஈர டப்பாவுக்குள் போய்க் கிடக்கும். பிறகு மூக்கைக் கல்லில் தேய்த்து முனையைக் கிளப்பி, வாயால் இழுத்து இழுத்து, கையுறை கழற்றுவது போல விரல் விரலாக உரித்து, உரித்ததை அப்படியே தின்றுவிடும். அப்போது தொந்தரவு செய்யாதீர்கள், கையில் எடுக்காதீர்கள்.

முடிந்த பிறகு உன் வேலை ஒன்று இருக்கிறது. டார்ச் அடித்து ஒவ்வொரு விரல் நுனியையும், கண் ஓரத்தையும் பார். விரலில் தோல் ஒட்டி நின்றால், காயக் காய அது நூல் கட்டின மாதிரி இறுகி ரத்தத்தை நிறுத்திவிடும், சில உரிப்புகளில் விரலே போய்விடும். தட்டையான டப்பாவில் கால் மட்டும் நனைகிற அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கால்மணி நேரம் நிற்க வை. பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியால் அடியிலிருந்து நுனி நோக்கி மெதுவாக உருட்டு. வராவிட்டால் பிய்க்காதே, நாளைக்கு மறுபடி. கண்ணில் ஒட்டியிருந்தால் நீ கை வைக்கவே கூடாது, டாக்டர்தான்.

கையில் எடுப்பது, கை கழுவுவது

வந்த முதல் இரண்டு வாரம் தொடக் கூடாது. சாப்பிடாமலும் இருக்கலாம், புது இடம். அதற்குப் பிறகு பாப்பா தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையைப் பெட்டிக்குள் தட்டையாக வைத்துக் காத்திருக்கட்டும். பல்லி தானாக ஏறினால் சரி. மேலிருந்து பிடிப்பது, வாலைத் தொடுவது இரண்டும் தடை. பயந்தால் வாலைக் கழற்றிப் போட்டுவிடும். புது வால் முளைக்கும், ஆனால் மொட்டையாக உருண்டையாக இருக்கும், பழைய வாலில் சேர்த்து வைத்த கொழுப்பு மொத்தமும் போச்சு.

இதை எடுத்துக் கொஞ்ச வேண்டும், நம்மைத் தேட வேண்டும் என்று எதிர்பார்க்காமல் இருக்க அவளுக்குக் கற்றுக்கொடு. பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பார்த்து ரசிக்கிற உயிர் இது. அந்தியில் குகையிலிருந்து முகத்தை மட்டும் நீட்டி, நாக்கால் கண்ணை நக்கிச் சுத்தம் செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அரைமணி நேரம் போவது தெரியாது.

நோயில்லாத பல்லியின் கழிவிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டபிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது, பல்லிக் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் இருப்பது, பல்லியை முத்தமிடாமல் இருப்பது, இந்த மூன்றையும் வீட்டுச் சட்டமாக்கு. உன் கொழுந்தனார் கைக்குழந்தையோடு வரும்போது பெட்டி இருக்கும் அறைக் கதவு மூடியே இருக்கட்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அந்தக் கிருமி தொற்றினால் சாதாரண வயிற்றுப்போக்கோடு நிற்காமல் போகலாம்.

வாரம் ஒரு தடவை சமையல் தராசு மாதிரி ஒரு டிஜிட்டல் தராசில் எடை பார். அதற்கென்றே தனித் தராசு வாங்கு. வளர்ந்த பல்லி பெரும்பாலும் 45 முதல் 80 கிராமுக்குள் இருக்கும். எண் எவ்வளவு என்பதைவிட, போன மாதத்தைவிட இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். வளர்ந்த பல்லி குளிர்காலத்தில் சில நாள் சாப்பிடாமல் இருக்கும், எடை நின்றால் கவலை இல்லை. எடை இறங்கி, வால் மெலிந்தால் தள்ளிப்போடாதே. பல்லியைப் பார்க்கத் தெரிந்த டாக்டர் எல்லாத் தெருவிலும் இருக்கமாட்டார். வாங்குவதற்கு முன்பே ராயல் காலேஜ் ஆஃப் வெட்டர்னரி சர்ஜன்ஸ் இணையதளத்தில் தேடி, 'எக்ஸாடிக்ஸ்' பார்க்கும் ஒருவரின் எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடு. வந்த முதல் மாதமே கழிவுப் பரிசோதனை ஒன்று செய்துகொள், உள்ளே ஒட்டுண்ணி இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

இங்கே கொண்டுவரலாமா?

கூடாது. பெரியப்பா வீட்டுப் பையன்கள் ஏற்கனவே என்னைப் பிடித்துக்கொண்டார்கள், "அக்கா, எங்களுக்கும் ஒண்ணு" என்று. அவர்களுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். டோக்கே பல்லி அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கும் அதே அட்டவணை. எய்ட்ஸுக்கு மருந்து என்ற பொய்யை நம்பி வடகிழக்கில் அதைப் பிடித்துக் கடத்தி அழித்தார்கள். சர்வதேச வணிகப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர் எது வைத்திருந்தாலும் 2024-ல் வந்த விதிப்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். லெப்பர்ட் கெக்கோவின் உறவுக்காரப் பல்லிகள் நம் காடுகளிலேயே வாழ்கின்றன. இன்ஸ்டாகிராமில் விற்கிறவர் காட்டும் பல்லி கூண்டில் பொரிந்ததா, எங்கோ காட்டில் பிடித்ததா, பெட்டியில் அடைத்துக் கடத்தி வந்ததா என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. 2022 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த ஒருவரின் சாமானில் குரங்கும் பாம்புகளும் ஆமையும் அடைத்து வைத்திருந்ததைப் பிடித்து, வந்த ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். பிடிபடாமல் வருவது இப்படி விற்கிறவர்களிடம்தான் போகிறது. சந்தேகம் இருந்தால் சிவகங்கையில் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்காமல் கை நீட்டாதே என்று பையன்களிடம் சொல்லிவிட்டேன்.

சட்டத்தை விடு, நம் ஊர் வெயிலை நினை. லண்டனில் சூடாக்கத்தான் பாடு. சித்திரை, வைகாசியில் இங்கே நிழலிலேயே 38, 39 டிகிரி ஏறும், கரண்ட் வேறு போகும். குளிர்ந்த மூலை என்று ஒன்றை எந்தப் பெட்டிக்குள்ளும் உண்டாக்க முடியாது. அந்தச் சூட்டில் கண்ணாடிக்குள் அடைத்து வைத்தால் ஒரே மத்தியானத்தில் முடிந்துவிடும்.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தி மகளுக்கும் ஆசை வந்துவிடப்போகிறது. அங்கே வளர்க்க அனுமதி உள்ள ஊர்வனவற்றில் ஆமை வகை இரண்டு மட்டும்தான், பல்லி எதுவும் கிடையாது. ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டுப் பல்லி கூடாது, அந்த நாட்டுப் பல்லிக்கே பெரும்பாலும் உரிமம் வேண்டும். மற்றவர்களுக்கு இதை அனுப்பும்போது இந்தப் பத்தியையும் சேர்த்து அனுப்பு.

ஊருக்கு வரும்போது

வைகாசியில் சேவுகப்பெருமாள் கோயில் தேருக்கு நீங்கள் வந்தே ஆக வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆரோக்கியமான வளர்ந்த பல்லி ஒரு வாரம் சாப்பாடு இல்லாமல் தாங்கும். ஆனால் தண்ணீரும், விளக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ஆளும் இல்லாமல் ஒரு வாரம் கூடாது. மூன்று வாரம் வருவதென்றால் பக்கத்து வீட்டில் யாரிடமாவது சாவி கொடுக்கத்தான் வேண்டும். பூச்சியைக் கையால் தொடமாட்டேன் என்பவராக இருந்தால் நீளமான இடுக்கி ஒன்று வாங்கி வைத்துவிடு.

போகும் முன் ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டு. சூட்டுப் பக்கம் 31-33, குளிர்ப் பக்கம் 24-25, இதற்கு மேலோ கீழோ போனால் எனக்கு வாட்ஸ்அப். விளக்கு காலை 8 மணிக்கு டைமரில் தானாக எரியும், இரவு 8-க்கு அணையும், கை வைக்க வேண்டாம். தண்ணீர் தினமும். செவ்வாய், சனி அந்தியில் பூச்சி ஐந்து, பவுடர் பூசி, மிச்சத்தை எடுத்துவிடவும். ஈர டப்பாவில் வெள்ளிக்கிழமை தண்ணீர் தெளிக்கவும். வெளியே எடுக்க வேண்டாம். டாக்டர் எண் குளிர்சாதனப் பெட்டியில். பாப்பாவையே எழுதச் சொல், அவள் எழுத்துதான் அங்கே எல்லோருக்கும் புரிகிறது.